கூரையைப் பிடித்திருப்பது எது?

கூரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது இருபுறமும் சரிந்த ஓட்டுக் கூரையாகவோ கிடுகுக் கூரையாகவோ இருத்தல் கூடும். மழைநீரை வழிந்தோடச் செய்வதற்கு அதனினும் எளிய உபாயம் இல்லை. ஆனால் அமெரிக்காவின் கைத்தொழில் நகரமொன்றின் மேலாக விமானத்திற் பறந்து செல்வோர் காண்பது வேறு காட்சியாகும். தொழிற்சாலைகள், பண்டகசாலைகள், அங்காடிகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் யாவற்றின் கூரைகளும் சாம்பல் நிறத்திலும் வெண்ணிறத்திலும் தட்டையாகவே விரிந்து கிடக்கின்றன. ஏக்கர்க் கணக்கில் நிலத்தை அடைத்து நிற்கும் ஒரு கட்டடத்துக்குச் சரிந்த கூரை இடப்புகுந்தால் அதன் முகடு எவ்வளவு உயரத்திற் போய் நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு, தட்டைக் கூரை தோன்றிய நியாயம் தானே விளங்கும்.

தட்டை என்பதும் பேச்சளவிலேதான். நல்ல தட்டைக் கூரைக்கு அடி ஒன்றுக்குக் கால் அங்குலமாவது சரிவு வைத்தே கட்டுவர். கண்ணுக்குத் தெரியாத அச்சரிவினூடாகவே மழைநீர் வடிகுழாயை நோக்கி மெல்ல நகர்கிறது. சரிவு பிழைத்த இடத்தில் நீர் குளம்போலத் தேங்கிநிற்கும்.

இக்கூரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று படைகள் தெரியும். அடியில் இருப்பது தளம். பெரும்பாலும் அது மேடும் பள்ளமுமாக மடிக்கப்பட்ட மெல்லிய உருக்குத் தகடு. அதன்மேல் வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும் பலகைகள். முற்காலத்தில் இவற்றை மரநாரினால் அழுத்திச் செய்தனர்; இக்காலத்திற் பெரும்பாலும் விறைத்த பிளாஸ்டிக் நுரையினாற் செய்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலே, மழைநீர் உட்புகாதவாறு தடுக்கும் விரிப்பு. தளம் தாங்குகிறது, பலகை வெப்பத்தைத் தடுக்கிறது, விரிப்பு நீரைத் தடுக்கிறது. இவ்வளவையும் அறிந்துகொள்வது எளிது. ஆனால் இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது எது என்று கேட்பவர் சிலரே. கூரைக் கலையின் கடினமான பகுதி அக்கேள்வியிலேதான் இருக்கிறது. அதற்குத் தவறான விடை கூறியதால் ஒரு முழுத் தொழிற்சாலையே ஒரு பிற்பகலில் எரிந்து போன வரலாறும் உண்டு.

முதலில், பிணைக்க வேண்டிய அவசியம் என்ன என்று பார்க்கலாம். பலகையும் விரிப்பும் கிடையாகக் கிடப்பவை. சுவர்போல் நிமிர்ந்து நிற்பவை அல்ல. கிடப்பதை ஏன் கட்டி வைக்க வேண்டும்? காற்றுக் கூரையை அமுக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. வீசும் காற்றுச் சுவரில் மோதி மேலெழுந்து, கூரையின் விளிம்பைக் கடக்கும்போது அதனைத் தொடாமலே தாவிச் செல்கிறது. தாவிய காற்றுக்கும் கூரைக்கும் இடையே அமுக்கம் குறைந்துவிடுகிறது. கட்டடத்தினுள்ளே இருக்கும் காற்றோ கூரையைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. பெரிய கதவொன்று காற்று வரும் திசையிலே திறந்து கிடக்குமாயின் அத்தள்ளுதல் இன்னும் பலமாகும். ஆகவே கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தகரங்களும் ஓடுகளும் பறந்து சென்றதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வுறிஞ்சல் கூரை எங்கணும் ஒரே அளவாக இருப்பதன்று. நடுப்பகுதியில் அது குறைவு, விளிம்புகளில் அதிகம், மூலைகளிலோ மிக அதிகம். காற்று மூலையை நோக்கிச் சாய்வாக வீசும்போது அம்மூலையிலிருந்து இரு விளிம்புகளின் வழியாகவும் இரண்டு சுழல்கள் கூம்புபோல் விரிந்து உருள்கின்றன. அவற்றின் அடியிலே அகப்பட்ட கூரைப்பகுதி, நடுப்பகுதியைவிடப் பன்மடங்கு இழுவைக்கு உள்ளாகிறது.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசும் காற்றின் அமுக்கம் சதுர அடிக்கு ஏறத்தாழ 21 இறாத்தல். மூலையிலே அது மும்மடங்கை நெருங்குவதும் உண்டு. 60 இறாத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான வெப்பத்தடைப் பலகையின் அளவு 4 அடிக்கு 8 அடி, அதாவது 32 சதுர அடி. ஆகவே மூலையிலுள்ள ஒரே ஒரு பலகையை மேலே இழுக்கும் விசை 1,900 இறாத்தலுக்கு மேற்படுகிறது. இரண்டங்குல நுரைப்பலகையும் அதன்மேலுள்ள விரிப்பும் சேர்ந்து எவ்வளவு நிறை இருக்கும்? 25 இறாத்தல் அளவே. எஞ்சிய விசை முழுவதையும் தாங்க வேண்டியது பிணைப்பு ஒன்றுதான். காற்றின் வேகம் இருமடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகும் என்பதையும் இக்கணக்கோடு சேர்த்து நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நெடுங்காலமாக இப்பிணைப்புக்குக் கையாளப்பட்ட பொருள் தார். தார் என்று பொதுப்படக் கூறினாலும், நிலக்கரியிலிருந்து பெறும் தாரும் பெற்றோலியத்திலிருந்து பெறும் நிலக்கீலும் வெவ்வேறானவை. இரண்டும் இத்தொழிலிற் பயன்பட்டன. வேலைத்தளத்திலே ஒரு கொப்பரையை வைத்து, அதிலே நிலக்கீலை 400 பாகை பாரன்ஹீற்றுக்கு மேலாகக் காய்ச்சுவர். உருகியதை வாளிகளிலே கூரைக்கு ஏற்றி, நீண்ட பிடியுடைய துடைப்பங்களாலே தளத்தின்மேல் மெழுகுவர். ஆறுமுன் பலகையை அதில் அழுத்திப் பதிப்பர். பலகையின்மேல் மறுபடியும் தார். அதன்மேல் தாரில் ஊறிய தாள். மறுபடியும் தார், மறுபடியும் தாள். இவ்வாறு மூன்று நான்கு அடுக்குகள் இட்டு, இறுதியாகக் கொதிக்கும் தாரிலே சரளைக்கல்லைத் தூவி முடிப்பர். நீரைத் தடுக்கும் பொருளும் அதுவே; ஒட்டும் பொருளும் அதுவே. கைதேர்ந்த தொழிலாளர் இட்ட இத்தகைய கூரைகள் பல பதிற்றாண்டுகள் நிலைத்திருந்தன. அத்தொழிலாளரின் கைகளிலும் முகங்களிலும் கொதிதார் தெறித்த தழும்புகள் நிலைத்திருந்தன என்பதையும் சொல்லாமல் விடுதல் நீதியன்று.

உருக்குத் தகட்டுத் தளம் வழக்கிற்கு வந்தபோதும் இதே முறையையே பின்பற்றினர். தகட்டின் மேடுகளிலே தாரை மெழுகி, நீராவியைத் தடுப்பதற்கான தாளையும் பலகையையும் ஒட்டினர். விரைவான வேலை; செலவும் குறைவு. அதிலே பதுங்கியிருந்த அபாயம் 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி வெளிப்பட்டது.

மிச்சிகன் மாநிலத்திலே டெற்றொயிற் நகரை அடுத்துள்ள லிவோனியா என்னும் இடத்தில், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்கான தன்னியக்கப் பற்சக்கரப் பெட்டிகளைச் செய்துவந்தது. ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தை ஒரே கூரையின்கீழ் அடக்கிய தொழிற்சாலை அது. உள்ளே தீயைத் தடுத்து நிறுத்தும் குறுக்குச் சுவர்கள் இல்லை. தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் கட்டடத்தின் ஒரு சிறு பகுதியிலேயே பொருத்தப்பட்டிருந்தன. சுவர் செங்கல்லும் கண்ணாடியும். சட்டகமும் கூரைத்தளமும் உருக்கு. எரியக்கூடிய பொருளென்று அக்கட்டடத்தில் எதனையும் எளிதிற் சுட்டிக்காட்ட முடியாது. தீப்பற்றாக் கட்டடம் என்றே பலரும் நம்பியிருந்தனர்.

அன்று பிற்பகல், உயரத்திலிருந்த ஒரு குழாயருகே தொழிலாளர் வாயுச்சுடரினால் உலோகம் வெட்டும் வேலையிலே ஈடுபட்டிருந்தனர். அச்சுடரின் பொறிகள் கீழே தொங்கிய ஒரு நீண்ட தட்டிலே விழுந்தன. துருப்பிடிக்காமற் காக்கும் திரவமொன்று வழிந்து அத்தட்டில் நிறைந்திருந்தது, அது பற்றிக்கொண்டது. கையிற் கிடைத்த தீயணைப்புக் கருவிகளால் அணைக்க முயன்றும் பலிக்கவில்லை. தீயின் வெப்பம் கூரையை எட்டியது.

அதன் பின்னர் நடந்தது பொறியியலாளர் பலர் எதிர்பாராதது. தகட்டின் மேலே ஒட்டுப்பொருளாக இருந்த தார் உருகி ஆவியாயிற்று. மேலே நீர்புகா அடுக்குகள் இறுக மூடியிருந்தமையால் அவ்வாவி மேல்நோக்கிச் செல்ல வழியில்லை. நீரை உள்ளே விடாத விரிப்பு ஆவியையும் வெளியே விடவில்லை. ஆகவே அது தகடுகளின் பொருத்துகளினூடாகக் கீழ்நோக்கி வந்து, உட்புறத்திலே பற்றி எரிந்தது. உருகிய தாரும் அதே இடைவெளிகளால் எரிந்துகொண்டே சொட்டியது. எரியும் ஆவி அடுத்த பகுதித் தகட்டைச் சூடாக்க, அங்குள்ள தாரும் உருகி ஆவியாகிக் கீழிறங்கி எரிந்தது. முதலில் தீயைத் தந்த திரவம் எரிந்து முடிந்துவிட்டாலும் கூரை தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே வழங்கிக்கொண்டு தீயை முன்னே நடத்திச் சென்றது. காப்பில்லாத உருக்குச் சட்டங்கள் வெப்பத்திலே வலிவிழந்து மடிந்தன. ஆறு பேர் உயிரிழந்தனர். தொழிற்சாலை முழுவதும் அழிந்தது. பற்சக்கரப் பெட்டிகளுக்கு வழியின்றிப் பெயர்பெற்ற வாகனங்கள் சிலவற்றுக்கு வேறு வகைப் பெட்டிகளைப் பொருத்தி விற்கவேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு உண்டாயிற்று. உற்பத்தியைத் தொடர்வதற்கு வில்லோ றன் என்னும் இடத்திலிருந்த வேறொரு பெருந்தொழிற்சாலையை அது நாட வேண்டியிருந்தது.

நேயர்கள் இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். தார் தன் வேலையைச் செய்யத் தவறவில்லை. பலகையை நன்றாகவே பிடித்திருந்தது. காற்றை மட்டும் நினைந்து செய்த பிணைப்பு அது. தீயை எவரும் அதிலே நினைக்கவில்லை.

அமெரிக்காவிலே தொழிற்சாலை முதலாளிகள் ஒருவர்க்கொருவர் காப்பளிக்கும் பரஸ்பரக் காப்புறுதிச் சங்கங்கள் பழமையானவை. றோட் ஐலன்ட் மாநிலத்தைச் சேர்ந்த சகரையா அலன் என்னும் நெசவாலை முதலாளி 1835ஆம் ஆண்டிலே தொடக்கிவைத்த இயக்கம் அது. இச்சங்கங்களின் பொறியியலாளர்கள் லிவோனியாவின் பின்னர் வாளாவிருக்கவில்லை. 100 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட சோதனைக் கட்டடமொன்றுக்கு வெவ்வேறு விதமாகக் கூரையிட்டு, ஒரு முனையிலே தீ வைத்து, அது கூரையின் அடியால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளந்தனர். உருக்குத் தளக் கூரைகளை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்தனர். தீயைத் தானாகப் பரப்பாதது முதல் வகுப்பு. பரப்புவது இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புக் கூரையுடையவர் அடியிலே நீர்தெளிக் குழாய்கள் பொருத்தாவிடிற் காப்புறுதி பெறுவது அரிதாயிற்று. சட்டம் சொல்லிக் கேளாதவரும் காப்புறுதிக் கட்டணம் சொன்னாற் கேட்பர் போலும்.

தாரைக் குறைத்துப் பூசலாமே என்ற யோசனை உடனே எழுந்தது. ஆயின் தார் குறைந்தாற் பிடியும் குறையும். தீக்கு அஞ்சிக் காற்றிடம் அகப்பட்ட கதையாகும். படிப்படியாக நிலைபெற்ற வழி திருகாணி. அடிப்பலகையை ஒட்டாமல், அதனூடாக உருக்குத் தகட்டிலே திருகாணியைச் செலுத்திப் பிடித்துவைப்பது அம்முறை. தகட்டுக்கும் பலகைக்கும் இடையே தார் இல்லையாதலின் அங்கே உருகி எரிவதற்கும் எதுவும் இல்லை.

திருகாணி அடிப்பது எளிய வேலை என்று எண்ணுதல் தவறு. திருகாணியின் தலை சிறியது, நுரைப்பலகை மென்மையானது. வெறுந் திருகாணியைச் செலுத்திவிட்டுப் பலகையை மேலே இழுத்தால், திருகாணி தகட்டிலேயே நிற்கும். பலகை அதன் தலையைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். இதனைத் தடுப்பதற்கு வாசர்போன்ற மூன்றங்குல உருக்குத் தட்டொன்றைத் தலையின்கீழ் வைப்பர். அப்படியிருந்தும் பெருங்காற்றிலே பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுப்பது திருகாணியன்று. தட்டைச் சூழ்ந்த பலகைதான். எனவே திருகாணியின் பலத்தைக் கூட்டுவதாற் பயனில்லை, எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்றுக்கு நடுப்பகுதியில் 16 வரை செலுத்துவதுண்டு. விளிம்புகளில் அதனினும் பாதி கூட. மூலைகளில் இன்னும் அதிகம். மூலைச்சுழல்களைப்பற்றி முன்னர்க் கூறியது இங்கே திருகாணிக் கணக்காக மாறி வருவதைக் காணலாம்.

இவ்வாறு இட்ட கூரையின் வலிமையைச் சோதிப்பதற்கும் முறை வகுக்கப்பட்டது. பெரிய இரும்புச் சட்டகமொன்றிலே கூரையின் மாதிரியை அமைத்து, கீழிருந்து காற்றைச் செலுத்தி அமுக்குவர். சதுர அடிக்கு 15 இறாத்தல் வீதம் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நிறுத்துவர். 90 இறாத்தலைத் தாங்கிய கூரைக்கு 90 என்ற எண் வழங்கப்படும். ஆயினும் அதனை 45 இறாத்தல் எதிர்பார்க்கப்படும் இடத்திலேயே இடுவர். எஞ்சிய பாதி, தொழிலாளியின் அயர்வுக்கும் பொருளின் முதுமைக்கும் விட்டுவைத்த இடம்.

1973ஆம் ஆண்டிலே எண்ணெய் விலை ஏறியபோது கூரைகளின் கதை இன்னொரு திருப்பத்தை அடைந்தது. குளிர்காலத்திலே கட்டடங்களைச் சூடாக்குவதற்குச் செலவு பெருகியமையால் பலகைகளின் தடிப்பு வளர்ந்தது. ஓர் அங்குலம் போதுமென்றிருந்த இடத்தில் மூன்று, நான்கு அங்குலம் வேண்டியதாயிற்று. அதே காலத்திலே, பல அடுக்குத் தார்த்தாளுக்குப் பதிலாக ஒற்றை விரிப்பாலேயே கூரையை மூடும் முறையும் பரவியது. செயற்கை இறப்பர் விரிப்பும், பி.வி.சி. முதலிய பிளாஸ்டிக் விரிப்புகளும் சுருள் சுருளாக வந்தன. கொப்பரை வேண்டாம், கொதிதார் வேண்டாம். ஆனால் பழைய கேள்வி மட்டும் மாறவில்லை: இவ்விரிப்பைப் பிடித்துவைப்பது எது?

முதலிற் பலரும் தேர்ந்த விடை மிகப் பழமையானது. தகரக் கூரை பறவாதிருக்கக் கல் வைப்பது கிராமத்தவர் அறிந்த வழிதானே. பலகைகளைத் தளத்திலே வெறுமனே அடுக்கி, விரிப்பை அவற்றின்மேல் ஒட்டாமல் விரித்து, உருண்டையான ஆற்றுக் கூழாங்கற்களைச் சதுர அடிக்கு 10 இறாத்தல் வீதம் பரப்பினர். ஒட்டும் வேலையும் இல்லை, திருகும் வேலையும் இல்லை. விரிப்பும் வெயிலிற் காயாமல் இருந்தது. எனினும் 1,00,000 சதுர அடிக் கூரைமீது இவ்விதம் ஏறும் கல்லின் நிறை 10,00,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 446 தொன். அந்நிறையைத் தாங்கும்படி தூணும் உத்திரமும் முதலிலேயே அமைந்திருக்கவேண்டும். இன்னொன்று: கூரையிலே நீர் தேங்குமாயின் விரிப்பின்கீழ்ப் புகுந்த நீரிலே நுரைப்பலகை மிதக்கப் பார்க்கும். பிணையாத பலகைக்கு அது இயல்புதானே.

கல்லைக் காற்று என்ன செய்யும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு 1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாடம் கற்பித்தது. அலிசியா என்னும் புயல் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரைத் தாக்கியபோது, நகர நடுவிலிருந்த வானளாவிய மாளிகைகளின் கண்ணாடிகள் பெருமளவில் நொறுங்கின. காற்றின் அமுக்கம் மட்டும் அவற்றை உடைத்திருக்க முடியாது. அயலிலுள்ள தட்டைக் கூரைகளிற் கிடந்த கற்கள் கிளம்பிக் கவண்கற்கள்போற் பாய்ந்திருந்தன. உடைந்த கண்ணாடியும் காற்றோடு சென்று மேலும் கண்ணாடிகளை உடைத்தது. ஒருவருடைய கூரை அவருடைய தலைக்கு மேலே மட்டும் இருப்பதன்று; அயலவருடைய யன்னலுக்கு எதிரேயும் இருக்கிறது. புயலுக்கு இலக்கான பிரதேசங்களிலே கூரையிற் சரளை பரப்பலாகாது என்று அமெரிக்க மாதிரிக் கட்டட விதிக்கோவையின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பு விதித்தது.

கல் ஒழிந்த இடத்தில் விரிப்பையும் திருகாணியாற் பிடித்துவைப்பர். விரிப்புச் சுருளின் ஓரத்தின் வழியே ஆறு அல்லது பன்னிரண்டு அங்குல இடைவெளியிலே திருகாணிகளைச் செலுத்தி, அடுத்த சுருளின் ஓரத்தை அவற்றின்மேல் மூடி, சூடான காற்றைப் பாய்ச்சி இரண்டையும் உருக்கி ஒன்றாக்குவர். துளை மறைந்துவிடும். இவ்வரிசைகள் தளத்தகட்டின் மேடுபள்ளங்களுக்குக் குறுக்காகச் செல்லவேண்டும் என்பது விதி. அவற்றோடு ஒத்த திசையிற் சென்றால் விரிப்பின் இழுவை முழுவதும் ஒரே மேட்டின்மீது விழுந்து தகட்டையே தூக்கிவிடும். திசையை மாற்றிவிட்டால் இழுவை பல மேடுகளுக்குப் பகிரப்படும். ஒரு காசு செலவின்றிப் பெறும் பலம் இது. விரிப்பின் சுருளை வசதியான பக்கத்திலிருந்து உருட்டத் தொடங்கும் அவசரத்தில் இழந்துவிடுவதும் இதனையே.

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே விரிப்பு எதனோடும் பிணைக்கப்படவில்லை. காற்று வீசும்போது அது பாய்மரச் சீலைபோல் உப்பித் தாழும். உப்பும் ஒவ்வொரு தடவையும் கட்டடத்தினுள்ளிருந்து காற்றை மேலே இழுக்கிறது. குளிர்தேசங்களிலே உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பும் ஈரமும் உடையது. மேலே குளிர்ந்த விரிப்பைத் தொட்டவுடன் அதிலுள்ள நீராவி நீராகிறது. மழை ஒருதுளியும் உட்புகாத கூரையிலே பலகைகள் நனைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக்காரர் ஒழுக்கைத் தேடுவார், ஒழுக்கு இராது. காற்றைத் தடுக்கும் ஒரு படலத்தைத் தளத்தின்மேலே இட்டு, அதன்பின்னரே பலகையை வைப்பது இதற்குப் பரிகாரம்.

திருகாணியும் ஒரு வழியிற் குளிரின் தூதனே. நான்கங்குல நுரையினூடாகச் செல்லும் ஓர் உருக்குக் கம்பி வெப்பத்தை நேரே கடத்திவிடும். கடுங்குளிர் காலத்திலே உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி நுனிகளில் நீர் பனித்துச் சொட்டுவதும் உண்டு. ஆதலினாற் கைதேர்ந்தவர்கள் பலகையை இரண்டு படைகளாக இடுகின்றனர். கீழ்ப்படையைத் திருகாணியாற் பிடித்து, மேற்படையை அதன்மேல் ஒட்டுகின்றனர். ஒரு படையின் பொருத்துகள் மறுபடையின் பொருத்துகளோடு ஒத்து வராதபடி விலக்கி வைக்கின்றனர். திருகாணியின் தலை மேற்பலகையாற் போர்த்தப்படுகிறது. ஒட்டுவதற்கு இக்காலத்திற் பயன்படுவது பொங்கியெழும் நுரைப்பசை. நடுப்பகுதியிலே அதனைப் பன்னிரண்டு அங்குல இடைவெளியிற் கோடுகளாக இடுவர். விளிம்பில் ஆறு, மூலையில் நான்கு அங்குலம் என்று இடைவெளியைக் குறுக்குவது பொது வழக்கம். பசை பிடிக்கும்வரை பலகையின்மேல் நடந்தோ பாரம் வைத்தோ அமர்த்தவேண்டும். அமர்த்தாத பலகையின் அடியிலே பசை பொங்கி, இறுகி, மேலே தொடாமலே நின்றுவிடும். பார்வைக்கு ஒட்டிய பலகை. தூக்கிப் பார்த்தால் ஒட்டாத பலகை.

பலகையே பகையாக மாறிய கதையும் ஒன்று உண்டு. 1980களிலே பினோலிக் நுரை என்னும் பலகை பெரிதும் பாராட்டப்பட்டது. குறைந்த தடிப்பிலே மிகுந்த வெப்பத்தடை. தீக்கும் எளிதில் இணங்காது. ஆனால் ஈரம் பட்டபோது அதிலிருந்து அமிலம் கசிந்தது. அது கீழேயிருந்த உருக்குத் தளத்தையும் திருகாணிகளையும் அரித்தது. மேலிருந்து பார்த்தாற் கூரை புத்தம்புதிது. மிதித்த காலின்கீழே தளம் துருவாகி உதிரும் அபாயம். 1990களின் தொடக்கத்தில் அப்பலகை அங்கே சந்தையிலிருந்து மறைந்தது. அதனை இட்ட கூரைகளை ஆராய்ந்து மாற்றும் வேலை பின்னரும் தொடர்ந்தது.

இவ்வளவு கூறியபின்னும் விளிம்பைப்பற்றிக் கூறாவிட்டால் விஷயம் நிறைவுறாது. பலகையும் விரிப்பும் எவ்வளவு நன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தாலும், கூரையின் ஓரத்திலே விரிப்பை முடித்துக் கட்டும் மரச்சட்டமும் அதனை மூடிய உலோகப் பட்டையும் தளர்ந்திருந்தால் காற்று அங்கேயே நகத்தை நுழைக்கும். பட்டை விலகும், விரிப்பின் ஓரம் எழும், எழுந்த ஓரத்தின்கீழே காற்றுப் புகுந்து, வாழைமட்டையை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டு போகும். அப்போது திருகாணிகள் எதிர்கொள்வது நேர்மேல் இழுவையன்று. ஒவ்வொன்றாகத் தனித்து நின்று தாங்கவேண்டிய உரிப்பு. முன்னர்க் கூறிய காப்புறுதிப் பொறியியலாளர்கள் தார் அடுக்குக் கூரைகள் சேதமுற்ற 145 சம்பவங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 85 சம்பவங்களிலே தவறியது கூரையின் விளிம்பே என்று கண்டனர். ஓரச்சட்டத்தைத் தச்சர் அடிப்பார். பட்டையைத் தகரவேலைக்காரர் பொருத்துவார். விரிப்பைக் கூரைவேலைக்காரர் இடுவார். மூவருக்கும் நடுவிலே அகப்பட்ட அவ்விளிம்பு எவருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவதே பெரும்பாலும் விடையாக இருந்தது. பிற்காலத்தில் விளிம்புப் பட்டைகளுக்கென்றே தனியான சோதனை நியமங்கள் வகுக்கப்பட்டன.

கூரைவேலையின் சங்கடம் இதிலேதான் இருக்கிறது. விரித்து மூடியபின் பிணைப்பு எவர் கண்ணுக்கும் தெரியாது. பதினாறு திருகாணி வேண்டிய இடத்திலே எட்டுச் செலுத்தப்பட்டிருந்தாலும் வெள்ளை விரிப்பு ஒரே மாதிரியாகவே தோன்றும். மழை அதனைக் காட்டிக்கொடாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருங்காற்றே காட்டிக்கொடுக்கும். ஆகவே பெரிய வேலைகளிலே, தொடங்குமுன் தளத்திற் சில திருகாணிகளைச் செலுத்தி, கருவியொன்றினால் இழுத்துப் பிடியை அளந்து பார்ப்பர். முடிந்தபின், ஐந்தடிச் சதுரமான ஒரு மூடியை விரிப்பின்மேல் வைத்து, அதனுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, கூரை எழுகிறதா என்று நோக்கும் சோதனையும் உண்டு.

இவற்றைவிட எளிய சோதனை ஒன்றையும் மேற்பார்வையாளர் அறிவர். தகட்டுத் தளத்திலே திருகாணி மேட்டில் ஏறவேண்டும், பள்ளத்தில் இறங்கக்கூடாது. திருகாணியின் நீளம் பலகையின் தடிப்புக்கு மேலாக முக்கால் அங்குலம் தகட்டைக் கடந்து நிற்கும்படி அளந்து எடுக்கப்பட்டது. ஒன்றரை அங்குல ஆழமுடைய பள்ளத்தின் மேலே அதனைச் செலுத்தினால் அது எந்த உலோகத்தையும் தொடாமல் வெறும் வெளியிலே தொங்கும். மேலே தட்டு அமர்ந்திருக்கும். தொழிலாளிக்கும் அது தெரியாமற் போகலாம். மேற்பார்வையாளர் கையில் வரைபடத்தோடு கட்டடத்தினுள்ளே சென்று, ஏணியில் ஏறி நின்று அண்ணாந்து பார்ப்பார். தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்த நுனிகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பலகைக்கும் இத்தனை என்று அவர் எண்ணத் தொடங்குவார். வரிசையிலே எங்கே ஒரு நுனி குறைகிறதோ, அந்த இடத்துக்கு நேரே மேலே சென்று விரிப்பை இடுவதற்குமுன் இன்னொரு திருகாணியைச் செலுத்தச் சொல்வார்.